பல் நிறத்தில் ஒரு வாஷ்பேசின்

...வேலையா விளையாட்டா என்று சாயங்காலத்துக்குள் சொல்லவேண்டுமாம், இத்தனை வருஷமாகச் சொல்லாமலே வண்டி ஓடிக்கொண்டுதானே இருந்தது, மச்சான் காலையில் போன் பண்ணாமல் இருந்திருந்தால் இன்னும் ஓடியிருக்கும். மனைவியின் அண்ணன், ஆடிட்டர், என் வரிக் கணக்கைக் காசு வாங்காமல் போட்டுக் கொடுக்கிறவர், அதனாலேயே அவர் கேட்கும் எதற்கும் நான் மழுப்ப முடியாது. "மாப்ள, உங்க பேங்க்ல சம்பளம் போக அப்பப்ப ஏதோ வந்திருக்கே, அது என்ன?" பொம்மை வீடு விற்றது மச்சான், சும்மா பொழுதுபோக்கு, அதையெல்லாம் காட்டணுமா என்றேன். "பொழுதுபோக்குல வந்தாலும் வருமானம் வருமானம்தான். தொழில்னு போட்டா செலவைக் கழிக்கலாம், பொழுதுபோக்குன்னா கழிக்க முடியாது, அவ்வளவுதான். எதுன்னு நீங்கதான் சொல்லணும். லாபத்துக்குப் பண்றீங்களா, ஆசைக்குப் பண்றீங்களா?" காட்டாமலே விட்டால்? "விட்டா விட்டதுதான், வரி ஆபீஸ்ல கேட்டா மாட்டினதுதான்" என்று சிரித்தார், அந்தச் சிரிப்பில் நான் மாட்டினால் அவரும் சேர்ந்து மாட்டுவார் என்பதும் இருந்தது, இன்றைக்குத்தான் கடைசி நாள் என்று சொல்லிவிட்டு வைத்துவிட்டார். லாபமா ஆசையா... ஒரு மனிதனிடம் காலை எட்டு மணிக்குக் கேட்கிற கேள்வியா இது?

வெந்நீர்த் தொட்டியில் பித்தளை அச்சுகள் கிடக்கின்றன, உள்ளே யாரோ ஒரு அம்மாவின் மேல் வரிசைப் பல் செட் வெந்துகொண்டிருக்கிறது, அது கெட்டிப்படும் வரை எனக்கு வேலை இல்லை, அதனால்தான் இந்த யோசனை. பல் கட்டுகிற இந்த லேபில் எல்லாருக்கும் என் பொம்மை வீடு தெரியும். மெழுகில் ஈறு வடிக்கிறவன், மெழுகு என்றே கூப்பிடுகிறோம், "சின்ன வீடு எப்படிப் போகுது?" என்று தினமும் ஒரு தடவை கேட்டாகவேண்டும் அவனுக்கு, ஒருநாள் என் மனைவி இருக்கும்போதும் கேட்டுத் தொலைத்தான், அவள் சிரிக்கவில்லை. "பெரிய வீட்டுக்கு வர்றதே இல்ல, அதனால சின்ன வீடு நல்லாத்தான் போகும்" என்றாள். பழிக்குப் பழி. மெழுகு அன்று முழுக்கத் தலையைக் குனிந்துகொண்டு ஈறு வடித்தான்.

ஆசைக்குத்தான் ஆரம்பித்தேன், அதில் சந்தேகமே இல்லை, சத்தியம் பண்ணச் சொன்னாலும் பண்ணுவேன். என் மகள் குட்டி பல் தேய்க்கமாட்டேன் என்று அடம்பிடித்த காலம், பல் கட்டுகிறவன் வீட்டுப் பிள்ளை பல் தேய்க்கவில்லை என்றால் ஊர் சிரிக்காதா, அதனால் அவளுடைய பொம்மைக்கு ஒரு குளியலறை செய்து கொடுத்தேன், பொம்மை தேய்த்தால் இவளும் தேய்ப்பாள் என்று கணக்கு. மிச்சமிருந்த அக்ரிலிக், பிளாஸ்டர், எப்படியும் குப்பைக்குப் போவது, முதலாளியே எடுத்துக்கொள் என்று சொன்னது. விரல் நுனி அளவுக்கு ஒரு வாஷ்பேசின். நிறம் பார்க்கும்போது கை தானாகப் பல் நிற மாதிரிகள் பக்கம் போயிற்று, எனக்குத் தெரிந்த வெள்ளையெல்லாம் பல் வெள்ளைதானே, நாற்பது வயதுக்காரருக்கு வைக்கிற நிறத்தில் கலந்துவிட்டேன். விளக்கடியில் தெரியவில்லை, காலையில் ஜன்னலோரம் பார்த்தால் மஞ்சள். குட்டி அதைக் கையில் வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, "அப்பா, இது பல் தேய்க்கலை" என்றாள். அப்புறம் அவளே தன் பிரஷ்ஷை எடுத்துப் பேசினைத் தேய்த்தாள், அந்தக் கையோடு தன் பல்லையும். நான் ஜெயித்துவிட்டேன். குளியலறைக்கு ஒரு படுக்கையறை வேண்டியதாயிற்று, படுக்கையறைக்கு ஒரு சமையலறை, மாடி, மாடிப்படி... அவளும் நானும் தரையில் குப்புறப் படுத்துக்கொண்டு ஜன்னல் வழியாக உள்ளே பார்ப்போம், உள்ளே யாரும் இருக்கமாட்டார்கள், அதுவே நன்றாக இருக்கும்.

படம் எடுத்து நெட்டில் போட்டது நான்தான். யாரோ ஒரு பெண், முகம் தெரியாது, விலைக்குக் கிடைக்குமா என்று கேட்டாள், அந்த வாஷ்பேசின் அசல் வீட்டில் இருக்கிற மாதிரிப் பழசாக இருக்கிறதே, எப்படிச் செய்தீர்கள் என்றாள். பல் கட்டுகிறேன் என்று சொல்லவில்லை. உன் பேசினைக் கொடுக்கமாட்டேன் குட்டி, வேறு ஒன்று செய்து அவர்களுக்குக் கொடுப்போம் என்றேன், செய்தேன், கொடுத்தேன். அதன் பிறகு எல்லாரும் மஞ்சள் பேசின்தான் கேட்டார்கள். தப்பாகக் கலந்ததையே தப்பாமல் கலக்கக் கற்றுக்கொண்டேன். மாடிப்படி விற்காது, உடையும், தபாலில் போகாது, அதனால் மாடிப்படி செய்வதை விட்டேன். எனக்கு மாடிப்படிதான் பிடிக்கும். இது ஆசைக்குச் செய்கிறவன் செய்கிற காரியமா... சரி, ஆசைக்குச் செய்கிறவனும் கொஞ்சம் புத்தியோடு இருக்கக்கூடாதா?

வீட்டில் நான் இதை என்னவென்று சொல்கிறேன்? அங்கேதான் உதைக்கிறது. ஞாயிற்றுக்கிழமை எங்காவது போகலாம் என்று மனைவி கிளம்பினால் "வேலை இருக்கு" என்கிறேன். சாப்பாட்டு மேஜை முழுக்கப் பொம்மை நாற்காலிகளும் மேஜைகளும் காய்ந்துகொண்டிருக்கும், எடுத்து வைங்க என்றால் "வேலை நடக்குது, தொடாதே" என்கிறேன். நாங்கள் மூன்று பேரும் மடியில் தட்டை வைத்துச் சாப்பிடுகிறோம், மேஜையில் சாப்பாட்டு மேஜைகள் சாப்பிடுகின்றன. அதே வாயால் மச்சானிடம் விளையாட்டு என்கிறேன். போன வாரம் அவள் சொன்னது நினைவுக்கு வருகிறது, கோபமாகக்கூட இல்லை, துணி மடித்துக்கொண்டே சொன்னாள். "வேலைன்னா வேலைன்னு சொல்லுங்க, நான் கேக்கல. விளையாட்டுன்னா குட்டியையும் சேத்துக்கோங்க." அண்ணனும் தங்கையும் பேசி வைத்துக்கொண்டு கேட்டார்களா என்ன? இருக்காது. அவர்கள் வீட்டிலேயே எல்லாருக்கும் கேள்வி ஒரே மாதிரிதான் வரும்.

அந்த முதல் வீடு, குட்டியின் வீடு, அவள் அலமாரியில்தான் இருந்தது. போன மாதம் ஒருவர் நேரிலேயே வந்தார், எதையோ வாங்க வந்தவர், கதவு இடுக்கில் அதைப் பார்த்துவிட்டு மாடிப்படி உள்ளது இது ஒன்றுதானே, தருவீர்களா என்றார். தரமுடியாது, அது பிள்ளையுடையது என்று சொல்லத்தான் வாயைத் திறந்தேன். விலை சொன்னேன். வழக்கத்தைவிடக் கூடுதலாகச் சொன்னேன், அவர் மறுபேச்சுப் பேசவில்லை, இன்னும் கூட்டியிருக்கலாமோ என்று தோன்றியதும் உண்மை. அவளுக்குப் பத்து வயதாகிவிட்டது, பொம்மையைத் தொட்டே எத்தனையோ நாளாகிறது, என்றெல்லாம் எனக்கு நானே வக்கீலாக வாதாடி வைத்திருந்தேன். பள்ளிக்கூடம் விட்டு வந்தாள், பை இறக்கினாள், அலமாரியைப் பார்த்தாள். அழுவாள் என்று நினைத்தேன், சண்டை போடுவாள் என்று நினைத்தேன், அதற்கெல்லாம் பதில் வைத்திருந்தேன். "எவ்வளவுக்குப்பா போச்சு?" என்றாள். சொன்னேன். "பரவால்லையே" என்றாள், கடைக்காரர் இன்னொரு கடைக்காரரிடம் சொல்வதுபோல. போய்க் கை கால் கழுவினாள்.

லாபமா ஆசையா என்று அவளே சொல்லிவிட்டாள்.

போனை எடுத்துவிட்டேன், அச்சு எடுக்க இன்னும் நேரம் இருக்கிறது. தொழில் என்றே போடுங்கள் மச்சான். "அப்படி வாங்க வழிக்கு" என்றார், அவருக்கு நிம்மதி, படிவத்தில் ஒரு கட்டம் நிரம்பியது. "அப்ப செலவெல்லாம் சொல்லுங்க மாப்ள, ஒண்ணு விடாம, எல்லாத்தையும் கழிச்சிடலாம்." பெயிண்ட் சொன்னேன், பிரஷ், பசை, அட்டைப்பெட்டி, தபால் செலவு. அவர் தட்டச்சு செய்கிற சத்தம் கேட்டுக்கொண்டே இருந்தது. "வேற?" விளக்கு ஒன்று வாங்கினேன் மச்சான், கழுத்து வளைகிற மாதிரி. "சரி, வேற? நல்லா யோசிச்சுச் சொல்லுங்க, இதுக்குன்னு நீங்க கொடுத்தது எதுவா இருந்தாலும்." அலமாரியின் மேல்தட்டு கண்ணில் வந்து நின்றது, வீடு இருந்த இடத்தில் நாலு மூலையாக ஒரு சுத்தமான சதுரம், சுற்றிலும் தூசி, ஒரு மாதமாக யாரும் துடைக்கவுமில்லை, அங்கே வேறு எதையும் வைக்கவுமில்லை. அவளும் வைக்கவில்லை. ஏன் வைக்கவில்லை? "மாப்ள, லைன்ல இருக்கீங்களா?" இருக்கேன் மச்சான் என்றேன். தொட்டியில் தண்ணீர் கொதித்து மூடி தடதடத்தது, மெழுகு எட்டிப் பார்த்துக் கையைக் காட்டினான், நான் எழுந்திருக்கவில்லை.