ஒன்பதாவது ஆள்

லிஃப்ட் மெக்கானிக் கவிழ்த்துப் போட்ட பெயிண்ட் வாளியின் மேல் இரண்டு டப்பாக்களையும் வைத்தான். பன்னிரண்டு மாடிக்கும் மேலே மோட்டார் அறை. இரண்டு டப்பாவிலும் வேகவைத்த பயறு, வெள்ளரிக்காய், பாதி ஆரஞ்சு. நான்கு நாளாக இரண்டாவது டப்பா மூடி திறக்காமலே வீட்டுக்குத் திரும்புகிறது. அங்கேயும் அதைத் திறக்க ஆளில்லை.

மனைவி இதயக் குழாய் அடைத்துப் போய்ச் சேர்ந்த பிறகு, அவன் பேச்சைக் கேட்க மிச்சமிருந்தது கூட்டாளி ஒருவன்தான். பதினான்கு வருஷமாகச் சேர்ந்து வேலை. அவனுக்கோ இரண்டு மாடி ஏறினாலே மூச்சு வாங்கியது. மத்தியானம் பொட்டலத்தைப் பிரித்தால் எண்ணெய் காகிதத்தைத் தாண்டி விரலில் வழிந்தது. மெக்கானிக் பொறுமையாக விளக்குவான்: கொழுப்பு எங்கே படியும், ரத்தம் எப்படிச் சுற்றிப் போகும், இரும்புக் கயிற்றில் ஓர் இழை அறுந்தால் மற்ற இழைகள் எப்படிச் சேர்த்துச் சுமக்கும் என்று. "வாத்தியாரே, நிம்மதியா சாப்பிட விடு" என்று சிரித்துக்கொண்டே கூட்டாளி, தனக்கென்று வந்த இரண்டாவது டப்பாவிலிருந்து ஒரு துண்டு வெள்ளரியும் எடுத்துக்கொள்வான்.

திங்கட்கிழமைதான் வினை. எடை மணியைச் சோதிக்க வேண்டிய இரும்புக் கட்டிகள் வரவில்லை. அதற்குப் பதிலாக அலுவலகத்து ஆட்கள் எட்டுப் பேரை லிஃப்டில் ஏற்றினார்கள். பெட்டியின் தரைக்கு அடியில் தராசு போல ஒன்று இருக்கும். எட்டுப் பேர் எடையைத் தாண்டினால் மணி அடிக்கும், கதவு மூடாது. எட்டுப் பேருக்கு அடிக்கவில்லை.

"நீ ஏறுடா" என்றான் மெக்கானிக், கூட்டாளியைப் பார்த்து.

கூட்டாளி கால் வைத்ததும் மணி அலறியது.

"பாத்தியா? நான் சொன்னாத்தான் கேக்க மாட்டே. மெஷினே சொல்லுது!"

"அண்ணன் எல்லாப் பந்திக்கும் முந்துவாரு போல!" என்றது உள்ளிருந்து ஒரு குரல். எட்டுப் பேரும் சிரித்தார்கள். கூட்டாளி இறங்கிப் படி வழியாகவே நடந்துவிட்டான். அன்றிலிருந்து அவன் சாப்பாடு கீழே, வண்டி நிறுத்துமிடத்தில்.

மெக்கானிக் உள்போனை எடுத்துக் கீழ்த்தளத்துக்கு அழைத்தான்.

"சாப்பிட்டியா?"

"வேலை விஷயம்னா சொல்லு."

"அன்னைக்கு நானே ஏறியிருந்தாலும் மணி அடிச்சிருக்கும்டா. ஒன்பதாவதா யார் ஏறினாலும்…"

"அது எனக்குத் தெரியாதா? நானும் இதே வேலைதானே பாக்குறேன். அந்த எட்டுப் பேருக்குத்தான் தெரியாது. ஊருக்கே விளக்குற வாய், அவங்ககிட்ட விளக்க மட்டும் வலிச்சுதா?"

போன் வைக்கப்பட்டது.

அவன் பன்னிரண்டாம் மாடிக்கு இறங்கி, இரண்டாவது டப்பாவை லிஃப்டின் தரையில் வைத்து, கீழ்த்தளத்துக்குப் பொத்தானை அழுத்திவிட்டு மேலேறி வந்தான். பராமரிப்புப் பலகை தொங்குவதால் வேறு யாரும் ஏற மாட்டார்கள். ஒரு டப்பாவின் கனத்தை எந்தத் தராசும் கண்டுகொள்ளாது. ஆனால் ஆளின் கனம் மோட்டாருக்குத் தெரியும். காலிப் பெட்டியை, கயிற்றின் மறுமுனையில் தொங்கும் எதிர்எடையே மேலே இழுத்துவிடும். மோட்டாருக்கு அதைப் பிடித்து நிதானிக்கும் வேலைதான், அதனால் பலமாக முனகும். உள்ளே ஆள் இருந்தால் முனகல் சற்றுத் தணியும். பதினான்கு வருஷப் பழக்கத்தில் காது அதைப் பிரித்தறியும்.

ஆரஞ்சின் தோல் காய ஆரம்பித்திருந்தது. அவன் இன்னும் தன் டப்பாவைத் தொடவில்லை.

லிஃப்ட் கீழே போய்ச் சேர்ந்ததும் நின்றிருந்த கயிற்றுச் சக்கரம் மெல்ல ஒருமுறை குலுங்கி, பெட்டியை மேலே ஏற்றும் திசையில் சுழலத் தொடங்கியது. அவன் மோட்டாரின் பக்கம் தலையைச் சாய்த்து, கண்ணை மூடிக்கொண்டான்.