ஆல்மா தட்டிப் பார்த்தாள்

எங்கள் நெப்ராஸ்கா இல்லத்தரசிகள் சங்கத்தில் பெயரைக் கூப்பிட்டால் ‘இருக்கிறேன்’ என்று மட்டும் சொல்லித் தப்ப முடியாது. கூடவே ஒரு வீட்டுக் குறிப்பும் சொல்ல வேண்டும். செத்துப்போனவள் பெயரையும் ஓராண்டு கூப்பிடுவோம். அப்போது மட்டும் யாரும் வாய் திறக்கக் கூடாது.

புழுதிக் காற்றடித்த அந்த வருஷம் அப்படிக் கூப்பிட்ட பெயர் ஆல்மா. உயிரோடு இருந்தவரை, சங்க விருந்துக்கு வரும், காய்கனி வேகவைத்துக் காற்றுப் புகாமல் அடைத்த ஒவ்வொரு ஜாடியின் மூடியையும் கரண்டியால் தட்டிப் பார்ப்பாள். கணீரென்றால் நல்லது. மொத்தென்றால் காற்றுப் புகுந்து உள்ளே விஷமாகியிருக்கும். என் பீட்ரூட்டையே ஒருமுறை எல்லோர் முன்னாலும் குழியில் கொட்டியவள். அவள்மேல் எனக்குக் கோபமும் உண்டு, கொள்ளை ஆசையும் உண்டு.

அவள் செத்த குளிர்காலத்தின் பனி உருகுவதற்குள் அவள் புருஷன் எமில் இன்னொருத்தியைக் கட்டிக்கொண்டான். வெர்னா, டவுன்காரி. சங்கத்துக்கு அன்றுதான் முதல்முறை வந்தாள். எங்களுக்குத் தன்னைப் பிடிக்க வேண்டுமே என்ற தவிப்பு முகத்தில் அப்படியே தெரிந்தது.

“பீன்ஸ் சாலட் செஞ்சிருக்கேன்க்கா. ஆல்மாக்கா நிலவறையில போட்டு வச்சிருந்தது. ஒரு ஜாடியத் திறந்து கலந்துட்டேன், இன்னொண்ணு உங்களுக்குன்னு கொண்டாந்தேன்.”

“செத்தவ சமையலை வச்சே பேர் வாங்கப் பாக்குறியாடி?” என்றேன். எல்லோரும் சிரித்தார்கள். அவளும் சிரித்தாள், பாவம். சாலட் கிண்ணத்தை எங்கள் மேசையிலும் ஜாடியை அடுக்களையிலும் வைத்துவிட்டு எங்களோடு வந்து உட்கார்ந்தாள்.

செயலாளர் ஓப்பல் பெயர்களை வாசித்தாள். இரும்புச் சட்டிக்குப் பன்றிக் கொழுப்பு தடவச் சொன்னாள் ஒருத்தி. அடுத்து, “ஆல்மா” என்றாள் ஓப்பல். தலை குனிந்தோம்.

அடுக்களையில் மொத்தென்று ஒரு சத்தம்.

“யாரு உள்ள?” என்றாள் ஓப்பல். எல்லோரும் இங்கேதான் இருந்தோம். நான் எழுந்து போனேன். யாரும் இல்லை. வெர்னாவின் ஜாடிக்குப் பக்கத்தில் ஒரு கரண்டி இன்னும் ஆடிக்கொண்டிருந்தது. அதை எடுத்து என் பீச் பழ ஜாடியைத் தட்டினேன். கணீரென்றது. ஆல்மாவின் ஜாடியைத் தட்டினேன். மொத்தென்றது.

ஓடி வந்து சாலட் கிண்ணத்தைத் தூக்கினேன். வெர்னா என் கையைப் பிடித்தாள்.

“நான் கொண்டாந்ததுன்னா குப்பையாக்கா?”

“அடி பைத்தியக்காரி, அது விஷம்டி! நல்லவேளை, யாரும் வாயில வைக்கல.”

அவள் பிடி தளர்ந்தது.

“காலையில உப்பு பாத்தேன்க்கா. நல்லாத்தான இருந்துச்சு...”

மறுபடியும் அந்த மொத்தென்ற சத்தம். இந்தத் தடவை அடுக்களையில் இல்லை, எங்கள் நடுவிலேயே. வெர்னா திடுக்கிட்டு நெஞ்சைப் பிடித்துக்கொண்டாள்.

“யாரோ என்னத் தட்டுறாங்கக்கா” என்றாள்.