மேனாம்பேட்டில் நடந்த திவா

"ஏம்மா ரெனிதா, உன் ஊட்டுக்காரரைப் போன மாசந்தானே பொதைச்சோம்? அப்ப வாசல்ல குந்திகினு கீறது யாரு?" என்று எதிர்வீட்டுப் பஞ்சவர்ணம் கேட்டாள். "அவர்தான்க்கா" என்றாள் ரெனிதா. பஞ்சவர்ணம் தலையாட்டிவிட்டுத் தண்ணீர் லாரிக்குக் குடத்தோடு போனாள். இறந்த நாற்பதாம் நாள் சத்தியராஜ் மேனாம்பேட்டு வீட்டுக்குத் திரும்பி வந்து பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்துகொண்டான். பேசவில்லை. வைத்த காபி குறைந்தது. மழை அவனை விட்டுவிட்டுச் சுற்றிலும் பெய்தது.

ரெனிதாவுக்கு வியப்பில்லை. போர்னியோவில் கஹாயான் ஆற்றங்கரையில் வாழும் அவளுடைய ஙாஜு தயாக் மக்களுக்கு, பாதிரிமார் வந்து சில தலைமுறை ஆன பிறகும், சாவு ஒரே நாளில் முடிகிற காரியமல்ல. முதலில் புதைப்பார்கள். சில வருடம் கழித்து எலும்புகளை எடுத்துக் கழுவி, தூண்மேல் நிற்கும் சின்ன மரவீட்டில் வைத்து, திவா என்ற சடங்கைச் செய்தால்தான் ஆவி தன் ஊர் போய்ச் சேரும். அதுவரை மனைவி மறுமணம் செய்யக்கூடாது. அங்கே மர ஆலைக்கு ஃபிட்டராகப் போய் அவளைக் கட்டிக்கொண்டு வந்த சத்தியராஜுக்கும் இது தெரியும்.

ஐந்தாம் வருடம், ஷேர் ஆட்டோ ஓட்டும் ஜெர்வின் அவளைப் பெண் கேட்டான். அவளுக்கும் விருப்பம்தான். ஆனால் குடும்பக் கல்லறை சத்தியராஜின் அக்கா ஞானகுமாரி பெயரில் இருந்தது. அவள் கையெழுத்துப் போட்டால்தான் திறப்பார்கள். "நீ கட்டிக்கோ, நானா வேணான்றேன்? என் தம்பிய ஏன் தொரத்துறே? உயிரோட இருந்தப்ப ஒரு நாள் என்கூட குந்திப் பேசினானா? இப்பதான் நான் சொல்றதெல்லாம் கேக்கறான்" என்றாள் ஞானகுமாரி. "கேக்கல அண்ணி, காத்துகினு கீறாரு" என்றாள் ரெனிதா. ஜெர்வினும் இரண்டு வருடம் காத்திருந்தான்.

ஒரு ஈஸ்டர் அன்று ஞானகுமாரி தம்பிக்குப் புதுச்சட்டை போட்டுவிட்டு, குனிந்து ஷூவைக் கழற்றப் பார்த்தாள். அது வரவில்லை. ஏழு வருடமாக அவன் வெளியூர் பஸ்ஸுக்கு நிற்கிறவனைப்போல லேஸை இறுக்கிக் கட்டிக்கொண்டே உட்கார்ந்திருப்பது அப்போதுதான் அவள் கண்ணில் பட்டது. "கயிதே, வாயத் தொறந்து சொல்லிருக்கலாமில்ல?" என்று திட்டி அழுதாள். மறுநாள் தானே போய்க் கையெழுத்துப் போட்டாள்.

பூந்தமல்லித் தச்சர் தஸ்தகீர் புறாக்கூண்டு என்று நினைத்து மரவீட்டுக்கு ஜன்னல் வைத்துவிட்டார். இருக்கட்டும் என்றாள் ரெனிதா. அவள் எலும்புகளைக் கழுவக் கழுவ, ஞானகுமாரி வாங்கித் துடைத்தாள். மரவீட்டை மொட்டைமாடியில் நிறுத்திவிட்டு இறங்கி வந்தபோது சத்தியராஜ் எழுந்து நின்றிருந்தான். "டேய், பிரியாணி தம்ல கீது, துன்னுட்டாவது போடா" என்றாள் ஞானகுமாரி. வாசலை அடைத்து நின்ற ஆட்டோவை ஜெர்வின் பின்னால் தள்ளி வழிவிட்டான். சத்தியராஜ் தெருமுனை திரும்பிப் போனான்.