மைக் இல்லாத மேடை

கல்யாணமோ கூட்டமோ, மைக் செட் போடுவதுதான் அவர் தொழில். மகளோ ஆப்பரா என்கிற மேல்நாட்டு இசை நாடகப் பாட்டுப் படிக்கிறாள். இன்று கல்லூரியில் அவளுக்கு இறுதித் தேர்வு. மனுஷர் சும்மா போவாரா? கடையிலேயே உசத்தியான மைக்கைத் துடைத்து எடுத்துக்கொண்டு போனார்.

"அப்பா, ஆப்பராவுக்கு மைக்கே கிடையாதுப்பா. இத்தனை வாத்தியத்தையும் தாண்டி, வெறும் குரல் கடைசி வரிசைக்குக் கேக்கணும். அதுக்குத்தானே இவ்வளவு வருஷமாப் படிக்கிறேன்!"

"உன் தொண்டை என்னத்துக்குடி ஆகும்?"

அவர் மைக்கைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டார். கடைசி வரிசைக்கும் பின்னால், கதவோரம் போய் நின்றுகொண்டார். வாத்தியங்கள் முழங்கின. மகள் வாயைத் திறந்தாள். குரல் அத்தனையையும் தாண்டி வந்து, அவர் காதருகே நின்று பாடியது.

பக்கத்தில் நின்றவரை முழங்கையால் இடித்தார்.

"என் பொண்ணுங்க! அப்பன் பொழப்புலயே மண்ணள்ளிப் போட்டுட்டா!" என்றார், வாயெல்லாம் பல்லாக.