பயணிகளின் கவனத்திற்கு

பேருந்து நிலையத்தில் அவரை எல்லோரும் மைக்காரர் என்பார்கள். எந்த வண்டி எந்த நடைமேடையில் நிற்கிறது, யாருடைய பை எங்கே கிடக்கிறது, எந்தக் குழந்தை அம்மாவைக் காணாமல் அழுகிறது என்று மாடியில் ஒரு சின்ன அறைக்குள் உட்கார்ந்து இருபத்திரண்டு வருடமாகச் சொன்னவர். அந்தத் தொண்டையில்தான் கட்டி வந்தது. ஒரு மாதத்துக்குள் அறுவை சிகிச்சை செய்தால் குரல் பிழைக்கும், தள்ளிப்போட்டால் குரல்வளையையே எடுக்க வேண்டியிருக்கும் என்றார் டாக்டர். அதுவரை வாயே திறக்கக் கூடாதாம். செலவைக் கேட்டதும் அவர் மனைவிக்குத் தலை சுற்றியது. வீட்டில் தையல் மெஷின் ஓட்டுகிறவள் அவள். ஊருக்கே சட்டை தைத்தாலும் அவ்வளவு வராது. நிலையத்து ஆட்கள் கையிலிருந்ததைக் கொடுத்தார்கள். அது ஸ்கேனுக்கே சரியாகப் போயிற்று.

ஜெராக்ஸ் கடையில் வேலை பார்க்கும் மனைவியின் தங்கை, இணையத்தில் நன்கொடைப் பக்கம் ஒன்று தொடங்கினாள். டாக்டர் கொடுத்த காகிதங்களை ஏற்றினாள். மைக்காரரை ஜன்னலோரம் உட்காரவைத்துப் படமெடுத்தாள். முகத்தைச் சோகமாக வைக்கச் சொன்னால் மனுஷருக்குச் சிரிப்பு வந்து தொலைத்தது. ஒன்பதாவது படத்தில்தான் ஒருவழியாக நோயாளியாகத் தெரிந்தார். பத்து நாள் ஆயிற்று. ஈ காக்கை எட்டிப் பார்க்கவில்லை. தங்கையும் அவள் முதலாளியும் போட்டதோடு சரி.

பதினோராம் நாள் மனைவி படத்தோடு நிலையத்துக்கே போனாள். தினமும் அங்கே வண்டி ஏறுகிற நர்ஸ் ஒருத்தி படத்தை உற்றுப் பார்த்துவிட்டு, பாவம், யார் இவர் என்று கேட்டாள். மனைவிக்குச் சுருக்கென்றது. தினம் இவளை வண்டி ஏற்றிவிட்ட மனுஷனைப் பார்த்து யாரென்கிறாளே. திரும்பி வரும்போது பாதி வழியில்தான் உறைத்தது. அவள்மேல் என்ன தப்பு? இந்த ஊரில் யார் இவர் முகத்தைப் பார்த்தது?

போட வேண்டியது குரலை. ஆனால் குரலுக்கு எங்கே போவது? அவர் பேசக் கூடாது. நிலையத்தில் எதையும் பதிவு செய்வதில்லை. ஒன்றே ஒன்று அவள் செல்போனில் இருந்தது. நினைத்ததுமே அவளுக்குக் காது சூடானது. இரண்டு வருடத்துக்கு முன்னால் ஒரு நாள் உப்பில்லை என்று தட்டைத் தள்ளிவிட்டுப் போனவர், வேலையிடத்திலிருந்து அனுப்பிய சமாதானத் தூது அது. அதைக் கேட்டுத் தங்கை வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள்.

"இதப் போட்டா என் மானம் போயிடும்டி."

"மானத்த அப்புறம் பாத்துக்கலாம்க்கா. குரல் போனா திரும்ப வருமா?"

மனைவி மைக்காரரிடம் கேட்டாள். அவர் ஒரு துண்டுக் காகிதத்தில் எழுதி நீட்டினார்: 'போடு. ஆனா அன்னைக்கு உப்பு இல்லதான்.' முறைத்துக்கொண்டே போட்டாள்.

"பயணிகளின் கவனத்திற்கு. காலையில் சாப்பாட்டைக் குறை சொன்ன பயணி ஒருவர், தன் தவறை உணர்ந்து, மாலை ஆறு மணி வண்டியில் வீடு வந்து சேருவார். கதவைத் திறந்து வைக்குமாறு பணிவுடன் கேட்டுக்கொள்கிறோம்."

மறுநாள் மத்தியானத்துக்குள் தங்கையின் போன் ஓயவில்லை. இது நம்ம பஸ் ஸ்டாண்ட் குரலாச்சே என்று ஒருவர் எழுத, ஊரே திரண்டுவிட்டது. பிழைப்புக்காக எங்கெங்கோ போய்விட்டவர்கள் பணம் அனுப்பினார்கள். யாரென்று கேட்ட நர்ஸும் அனுப்பியிருந்தாள், மன்னிப்போடு. இன்னொருத்தி எழுதியிருந்தாள்: 'ஆறு வயசுல அஞ்சாம் நடைமேடையில தொலைஞ்சு போனேன். அம்மா வர்ற வரைக்கும் என்னையும் மைக்ல பஸ் பேர் சொல்ல விட்டார்.' அதைப் படித்து மனைவி தையல் மெஷின் மேல் தலை சாய்த்து அழுதாள். ஐந்தாம் நாள் முழுத் தொகையும் சேர்ந்துவிட்டது.

கட்டியை எடுத்தார்கள். இரண்டு மாதம் கழித்து வேலைக்குப் போகலாம் என்றார் டாக்டர். வீட்டில் மெல்லத்தான் பேசிக்கொண்டிருந்தார். மைக்கில் எடுபடுமா என்று யாருக்கும் தெரியாது. அவர் வேலைக்குத் திரும்பிய அன்று மனைவி மூன்றாம் நடைமேடை பெஞ்சில் உட்கார்ந்திருந்தாள். ஒலிபெருக்கி கரகரத்தது.

"பயணிகளின் கவனத்திற்கு." கொஞ்சம் மெலிந்திருந்தது. ஆனால் அதே குரல். "இத்தனை வருடம் நான் உங்களைக் கூப்பிட்டேன். என்னால் கூப்பிட முடியாதபோது நீங்களே வந்தீர்கள். நன்றி."

நடந்தவர்கள் நின்றார்கள். அத்தனை ஓட்டுநர்களும் ஒரே நேரத்தில் ஹாரனை அமுக்கினார்கள். சத்தம் ஓயும்வரை பொறுத்திருந்து அவர் தொடர்ந்தார்.

"மூன்றாம் நடைமேடையில் அமர்ந்திருக்கும் தையற்கலைஞரின் கவனத்திற்கு. இன்று காலை உப்பு சரியாக இருந்தது."

நிலையமே அவளைத் திரும்பிப் பார்த்தது. அவளுக்கு அழுகையும் சிரிப்பும் சேர்ந்து வந்தன. முன்பாக இருந்தால் வெட்கத்தில் ஓடியிருப்பாள். இப்போது நிமிர்ந்து உட்கார்ந்து மாடி ஜன்னலைப் பார்த்து, "போதும், பஸ்ஸச் சொல்லுங்க," என்றாள்.

அவருக்குக் கேட்டிருக்காது. ஆனாலும் அடுத்ததாகப் பஸ்ஸைத்தான் சொன்னார்.