பின்தாளில் மூண்ட சண்டை

இலங்கையின் சாய்ந்தமருதில் மருந்துக்கடை வைத்திருக்கும் ஸில்மியாவின் கைக்கு அந்தப் புத்தகம் கடைசியாகத்தான் வந்தது. இந்தியாவில் யாரோ எழுதிய சிறுகதைத் தொகுப்பு. அவர்களுடைய வாசகர் வட்டத்தில் ஆட்கள் ஐந்து, புத்தகம் ஒன்று. வாசித்து முடித்தவர் பின்பக்கத்து வெற்றுத்தாளில் பென்சிலால் நாலு வரி எழுதி அடுத்தவரிடம் கொடுக்க வேண்டும். அந்தச் சட்டத்தைப் போட்டவள் ஸில்மியா. புத்தகத்தைத் தெரிவுசெய்தவளும் அவளேதான், அட்டைப் படம் பார்க்க வடிவாக இருந்தது என்பதற்காக.

கதைக்குப் போகுமுன் பின்தாளைத்தான் புரட்டினாள்.

‘நூற்றியெண்பது பக்கம். ஒருவனும் சாகவில்லை, ஒருத்திக்கும் கலியாணம் நடக்கவில்லை. ஒரு கள்ளன்கூட இல்லை. எழுதினவருக்கு வேறு வேலை இல்லையா?’ இது மீன் வியாபாரி றஸாக்.

‘மூன்றாவது கதையில் ஒரு பெண் மூன்று பக்கத்துக்குத் தேத்தண்ணி போடுகிறாள். அதை வாசித்து முடிக்க என் அடுப்பில் பால் பொங்கி வழிந்துவிட்டது. ஆனாலும் அவளைப் பிடித்திருக்கிறது.’ சிபானா ரீச்சர்.

‘பஸ்ஸுக்கு ஆள் சேரும்வரை சீற்றில் இருந்து வாசித்தேன். இதில் வருகிற எல்லாரையும் நான் தினமும் ஏற்றி இறக்குகிறேன். அருமையான புத்தகம். கொலை வேண்டுமென்றால் றஸாக் பேப்பர் வாசிக்கட்டும்.’ திருக்கோவில் ஊருக்கு பஸ் ஓட்டும் கேதீஸ்வரன்.

அதோடு நின்றிருந்தால் நல்லது. றஸாக் புத்தகத்தைத் திரும்ப வாங்கி, ‘பஸ்காரனுக்குப் பாதை தெரியும், கதை தெரியாது’ என்று எழுதியிருந்தார். அதற்குக் கீழே கேதீஸ்வரன், ‘மீன்காரனுக்கு இரண்டும் தெரியாது.’ இப்படியே தாளின் விளிம்புவரை. கடைசியில் மருதமுனை மிஹ்லார் மூலையில் பொடியெழுத்தில், ‘எனக்கு எழுத இடமில்லை’ என்று முடித்திருந்தான்.

ஸில்மியா விழுந்து விழுந்து சிரித்தாள். மிஹ்லாரின் போன் வந்ததும் சிரிப்பு நின்றது.

“ராத்தா, ரெண்டு பேரும் ரெண்டு கிழமையா முகம் பாக்கிறல்லயாம். றஸாக் காக்கா வெள்ளிக்கிழமை கூட்டத்துக்கு வரவும் மாட்டாராம்.”

இருபது வருசக் கூட்டாளிகள், தான் வாங்கிக் கொடுத்த புத்தகத்தால் பிரிவதா? மறுநாள் காலையே மீன் சந்தைக்குப் போய் றஸாக்குக்கு முன்னால் நின்றாள்.

“காக்கா, எழுதித் திட்டினது போதும். வந்து முகத்துக்கு நேரே திட்டுங்க.”

“என்னத்துக்கு புள்ள? அந்தப் புத்தகத்தில ஒண்டுமே நடக்கல்ல.”

“அதை வந்து சொல்லுங்க. தொதல் இரிக்கி.”

அந்த இனிப்புக்காக வருவதாக அவர் ஒப்புக்கொண்டார்.

இடையில் மூன்று நாள். ஸில்மியா கடையில் இருந்தபடியே வாசித்தாள். முதல் நாலு கதைக்கும் கொட்டாவிதான். ஐந்தாவதில் ஒரு கடைக்காரி மழைக்கு ஒதுங்கியவர்களோடு சும்மா கதைத்துக்கொண்டிருக்கிறாள், அவ்வளவுதான். பனடோல் கேட்டு வந்தவரைப் பந்தியை வாசித்து முடிக்கும்வரை நிற்க வைத்துவிட்டோம் என்பது, அவர் இருமிய பிறகுதான் அவளுக்கு உறைத்தது.

வெள்ளிக்கிழமை மாலை அசர் தொழுகைக்குப் பிறகு கடையின் பின்னறையில் கூடினார்கள். றஸாக் கிழக்கே பார்த்திருந்தார், கேதீஸ்வரன் மேற்கே.

“ஆருக்கு எந்தப் பக்கம் ஆகக் கூடுதலாப் பிடிக்கல்லயோ, அதைச் சத்தமா வாசிங்க” என்றாள் ஸில்மியா. “முதல்ல றஸாக் காக்கா.”

றஸாக் கண்ணாடியை மாட்டிக்கொண்டு, ஒருவன் கரையில் இருந்து தோணிக்கு வர்ணம் பூசும் பக்கத்தை எடுத்தார். இரண்டு வரிதான் வாசித்தார்.

“இஞ்ச பாருங்க! காலையில கடலால இழுத்து வந்து பின்னேரம் பெயின்ட் அடிக்கானாம். ஈரப் பலகையில பெயின்ட் பிடிக்குமா? கவுத்துப் போட்டு நல்லாக் காய வைக்கோணும்.”

பிறகு சுரண்டுவது, தேய்ப்பது, காற்று எந்தப் பக்கம் அடித்தால் தூசி ஒட்டும் என்பதுவரை சொல்லிக்கொண்டே போனார். ஒருமுறை நீலமென்று வாங்கிய வாளியைத் திறந்தால் பச்சை. அந்தப் பச்சையைப் பார்த்து அவர் மனைவி உம்மு, தனக்கும் அதே நிறத்தில் சாரி வேண்டுமென்று நின்றாளாம்.

“பொறகு?” என்றார் கேதீஸ்வரன், தன்னை மறந்து.

“பொறகென்ன மச்சான், மருதமுனை நெசவுக் கடைக்குத் தோணிப் பலகையையே கொண்டு போய்க் காட்டி வாங்கின.”

அரை மணித்தியாலம் போனது. தேத்தண்ணி ஆறியதை ஒருவரும் கவனிக்கவில்லை. சிபானாதான் மெல்லக் கேட்டாள்.

“காக்கா, இப்ப நீங்க சொன்னதில ஆரு செத்த? ஆருக்குக் கலியாணம் நடந்த?”

கேதீஸ்வரனின் தோள் குலுங்கத் தொடங்கியது. அதைப் பார்த்து றஸாக்குக்கும் சிரிப்பு வெடித்தது. மிஹ்லார் சிரித்துப் புரைக்கேறி, அவன் முதுகில் தட்ட வேண்டியதாயிற்று.

“சிரிச்ச எண்டதுக்காக அது நல்ல புத்தகம் ஆகாது” என்றார் றஸாக் கண்ணைத் துடைத்தபடி. “அவனுக்குப் பெயின்ட் அடிக்கத் தெரியா.”

“ஓம், அதை ஒத்துக்கொள்றன்” என்றார் கேதீஸ்வரன்.

மஃரிப் தொழுகைக்கு முன் எல்லாரும் எழும்பினார்கள். கேதீஸ்வரனைத் தன் மோட்டார் சைக்கிளில் ஏற்றிக்கொண்டார் றஸாக். சந்தியில் வண்டி நின்றது. பின்னால் இருந்தவர் இறங்கி முன்னால் வந்து கையை ஆட்டி ஏதோ சொல்ல, ஓட்டியவர் தலையை ஆட்டி மறுத்தார். கடை வாசலில் நின்ற ஸில்மியாவுக்கு ஒரு சொல்லும் கேட்கவில்லை. முகத்துக்கு நேரேதானே திட்டிக்கொள்கிறார்கள் என்ற நிம்மதியோடு உள்ளே போனாள்.