ஆறாவது பலகை

சுருளிப்பட்டியில் திராட்சைத் தோட்டம் வைத்திருக்கும் சுரேஷ்கண்ணனின் புது வீட்டுக்கு மாடிப்படி வடிவமைத்தவள் ஹேமாவதி. சுவரிலிருந்து நீண்டு, கீழே தாங்கல் இல்லாமல் அந்தரத்தில் நிற்கும் பதினாறு மரப்பலகைகள். பலகைகளை அவரே கொடுத்தார். இடித்த பழைய வீட்டின் தேக்குப் படிகள். அவற்றில் தவறி விழுந்துதான் அவர் மனைவி உமாதேவி இறந்தாள் என்று தச்சர் இம்மானுவேல் பிறகுதான் சொன்னார்.

வேலை முடிந்த மதியம், மேலிருந்து ஆறாவது பலகையில் ரசமட்டத்தை வைத்தாள் ஹேமாவதி. குமிழி நடுவில் நின்றது. அப்போது மேலே யாரோ இறங்கும் ஓசை. வெறுங்கால், மெட்டி மரத்தில் உரசியது. நிமிர்ந்தாள். யாருமில்லை. ஓசை ஆறாவது பலகைக்கு வந்ததும் குமிழி மெதுவாகச் சுவர்ப்பக்கம் நகர்ந்து அப்படியே நின்றது.

இம்மானுவேல் உளியைப் போட்டுவிட்டு வாசலுக்குப் போய்விட்டார்.

“பயப்படாதீக மேடம்,” என்றார் கீழே நின்றிருந்த சுரேஷ்கண்ணன். “பழைய வீட்லயும் இப்படித்தான் எறங்குவா. ஆறாவதுல நின்னுருவா. அங்கனதான் விழுந்தா.”

“தெரிஞ்சேவா இந்தப் பலகையக் குடுத்தீக?”

“வேற எங்கன வருவா அவ?”

பிடித்துக்கொள்ள ஒன்றுமில்லாமல் அந்தக் கால் அங்கேயே நிற்பது ஹேமாவதியை உறுத்தியது. மறுவாரம் யாரும் கேட்காமலேயே ஒரு கைப்பிடி செய்து கொண்டுபோய்ச் சுவரில் பொருத்தினாள். சுரேஷ்கண்ணன் அதில் கையைக் குத்தும் சிலாம்பு இருக்கிறதா என்று நெடுகத் தடவிப் பார்த்தார்.

மதியம் ஓசை வந்தது. ஆறாவதில் நின்றது. வெகுநேரம். பிறகு கைப்பிடி லேசாக முனகியது. ஏழு. எட்டு. சுரேஷ்கண்ணன் எழுந்துவிட்டார். பதினாறும் இறங்கி, மெட்டிச் சத்தம் அவர்களைக் கடந்து கொல்லைக் கதவு வழியாகத் தோட்டத்துப் பக்கம் போனது.

“உமா...” என்றபடி கொல்லைக் கதவு வரை போனார்.

பத்து நாள் கழித்து அவரிடமிருந்து போன்.

“வரவே மாட்டேங்குறா மேடம். அந்தக் கைப்பிடியக் கழட்டிருங்க.”

“என்னால முடியாதுண்ணே. அவுக விழாம எறங்கிட்டாக.”

அவரே கழற்றினார். அப்படியும் அவள் வரவில்லை. ஒரு மாதம் போனபின் திரும்பப் பொருத்தித் தரக் கூப்பிட்டார். ஹேமாவதி திருகாணி முடுக்கி முடிக்கும்வரை கைப்பிடியைத் தாங்கிப் பிடித்துக்கொண்டு நின்றார்.

“நல்லா இறுக்கிருங்க,” என்றார். “என்னைக்காச்சும் வந்தா அவ விழுந்துறக் கூடாது.”